பதினொரு நிமிட ஜெபம்

ஒஸ்வால்ட் செல்லையா எழுந்து நின்று கண்களை மூடினால் பதினொரு நிமிடம். கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. புதன்கிழமை வீட்டுக் கூட்டம் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்காரி, அவர் ஜெபத்தைத் தொடங்கியதும் மெல்ல எழுந்து குசினிக்குள் போய்ச் சட்டியில் எண்ணெய் ஊற்றுவாள். அவர் ஆமென் சொல்லும்போது கடைசி ரோல்ஸ் பொரிந்து தட்டில் விழும். வெள்ளவத்தையில் அந்தச் சபையார் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஒஸ்வால்ட் ஐயா ஜெபித்தால் ஒன்றும் விடுபடாது என்று பெருமையாகவே சொன்னார்கள்.

உண்மைதான், ஒன்றும் விடுபடாது. கடந்த இரவுக்கு நன்றி, காலைக்கு நன்றி, நாட்டை ஆளுகிறவர்களுக்கு ஞானம், சோதனை எழுதும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி, முழங்கால் நோவுகாரருக்குச் சுகம், கனடா விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பொறுமை. யுத்தத்துக்கு நாற்பது விநாடி. எல்லாம் ஒரு நீலமட்டைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒரு விண்ணப்பத்தை மூன்று முறை ஜெபித்து முடிந்ததும் அதன் பக்கத்தில் சரி அடையாளம் போடுவார். நடந்ததா இல்லையா என்பது வேறு விடயம். தன் பக்கத்து வேலை முடிந்தது என்பதற்கு அந்த அடையாளம். முப்பத்தேழு வருடம் அரசாங்கத் திணைக்களத்தில் கோப்பு மூடிய மனிதர். பரலோகத்தோடும் அப்படியே நடந்துகொண்டார்.

ஒரு காலத்தில் அந்த மனிதருக்குள் ஏதோ இருந்தது. உடுவிலிலிருந்து கொழும்புக்கு வந்து கிளாக்காக இருந்தபோது, இருபத்துநாலு வயதில், ஒரு கூடாரக் கூட்டத்தில் பாயில் விழுந்து அழுதார். மறுநாள் காலை கந்தோருக்குப் போய், இரண்டு வருடமாக வரவுப் புத்தகத்தில் பொய் நேரம் எழுதியதைத் தலைமைக் கிளாக்கிடம் தானாகச் சொன்னார். ஒரு வருடப் பதவி உயர்வு போனது. கந்தோர் முழுவதும் சிரித்தது. அவர் வாழ்க்கையில் செய்த ஒரேயொரு துணிச்சலான காரியம் அது.

அந்த ஒரு காலைப்பொழுதை வைத்து மீதி ஆயுளைச் சாப்பிட்டார். வாலிபர் கூட்டத்தில் அதைச் சொன்னார், பெண்கள் கூட்டத்தில் சொன்னார், உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனையில் சொன்னார். சொல்லச் சொல்ல, கதையில் தலைமைக் கிளாக்கின் கண்ணிலும் கண்ணீர் வந்தது. பிறகு அந்த ஆளும் மனந்திரும்பினார். எண்பத்துமூன்று கலவரத்தில் ஒஸ்வால்டையும் மனைவி ஐறீனையும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் மூன்று நாள் தங்கள் களஞ்சிய அறைக்குள் ஒளித்து வைத்துச் சோறு கொடுத்தது. சாட்சி சொல்லும்போது அந்தக் குடும்பத்தின் பெயர் வராது. ஆண்டவர் ஒரு வழியைத் திறந்தார் என்று மட்டும் வரும்.

தொண்ணூற்றெட்டில், அவருக்கு அறுபத்தொரு வயதானபோது, வீட்டின் பின்பக்க அனெக்ஸுக்கு யோசெப்பின் குடிவந்தாள். மானிப்பாயில் படிப்பித்தவள், விதவை. இடம்பெயர்ந்து, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்துக் கிடந்து, மகன் எபனேசனோடு கொழும்புக்கு வந்தவள். மகனுக்கு இருபத்துமூன்று வயது. காலி வீதியில் ஒரு கொமினிகேசனில் வேலை. வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்க வருகிறவர்களுக்கு நம்பர் அடித்துக் கொடுப்பான். சபைப் போதகர் கொன்ஸ்ரன்ரைன் சொல்லித்தான் ஒஸ்வால்ட் இடம் கொடுத்தார். கொடுத்ததை அடுத்த ஞாயிறே மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.

அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர் வீடு ஒவ்வொன்றும் தன் ஆட்களின் பெயர்ப் பட்டியலைப் பொலிசில் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். புதிதாக ஒருவர் தங்க வந்தால் வீட்டுக்காரர் நேரில் போய்ப் பதிய வேண்டும். பதியாத வாலிபன் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் அவன் யார், எதற்கு வந்தான் என்ற கேள்விகளெல்லாம் பிறகுதான்.

யோசெப்பின் வந்த மூன்றாம் நாளே கேட்டாள்.

"அண்ணை, அந்தப் பொலிஸ் பதிவு..."

"ஓம் தங்கச்சி, ஜெபத்தில வைச்சிருக்கிறன்."

இந்தச் சபையாரிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்ய மனமில்லாத ஒன்றை இல்லையென்று சொல்லவும் கூச்சமாக இருந்தால் ஜெபத்தில் வைத்துவிடுவார்கள். அங்கே வைத்த எதையும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. யோசெப்பினும் அதே சபைகளில் வளர்ந்தவள் என்பதால் ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு திரும்பக் கேட்டாள். பிறகு ஒருமுறை, பிறகும் ஒருமுறை.

"அதுக்கெண்டு ஒரு வேளை இருக்கு தங்கச்சி. கர்த்தர் வழியைத் திறப்பார்."

ஐறீன் குசினியிலிருந்தபடியே சொன்னாள்: "கர்த்தர் திறக்கிறது இருக்கட்டும். பொலிஸ் ஸ்ரேசன் காலமை எட்டு மணிக்குத் திறக்கும். குடையை எடுத்துக்கொண்டு போட்டு வாங்கோவன்."

அவர் சிரித்தார். மனைவியின் நாக்கு கொஞ்சம் நீளம் என்பதும் கொப்பியில் ஒரு விண்ணப்பமாக இருந்தது. அதற்கும் சரி போட்டாயிற்று.

போகாததற்குக் காரணம் மிகச் சிறியது. அவரும் ஐறீனும் பல வருடங்களுக்கு முன்பே பதிந்தவர்கள். ஒரு தொந்தரவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வாலிபனின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்தால் இடைக்கிடை யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அவ்வளவுதான். அதைத் தனக்குள்ளே கூட அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஏற்ற வேளைக்காகக் காத்திருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை, விடியுமுன்னே வந்தார்கள். பின்பக்க ஒழுங்கைப் படலையால் வந்து எபனேசனைக் கொண்டுபோனார்கள். யோசெப்பின் பின்னால் ஓடினாள். பொலிஸ் நிலையத்தில், வீட்டுக்காரரைப் பட்டியலோடு வரச் சொல், அவர் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஏழு மணிக்கு அவள் ஒஸ்வால்டின் முன்கதவில் நின்றாள். அது அவருடைய தனிஜெப நேரம். ஏழரைக்கு முன் அவரைக் கூப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஐறீன் சட்டத்தை முறித்து அறைக்கதவைத் தள்ளினாள்.

"இஞ்சேருங்கோ, எபனேசனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எழும்புங்கோ."

அவர் வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "இப்ப போனால் கோவத்தில இருப்பாங்கள். ஐயாவோட கதைச்சு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு போவம். அதுதான் முறை" என்றார். போதகருக்கு ரெலிபோன் எடுத்தார். போதகருக்கு மிகவும் துக்கம். அன்று பின்னேரக் கூட்டத்தை யோசெப்பினின் அறையிலேயே வைப்போம் என்றார். கடிதத்தை அப்போது கையோடு கொண்டுவருவார். ஆகவே பகல் முழுவதும் ஒஸ்வால்ட் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானம் வழக்கம்போல அரைமணி நேரம் படுத்தார். யோசெப்பின் அதற்குள் தனியே மூன்று தரம் பொலிசுக்குப் போய், மூன்று தரமும் திருப்பி அனுப்பப்பட்டாள்.

பின்னேரம் ஐந்தரைக்கு அந்தச் சின்ன அறைக்குள் பதினாறு பேர். முன்வீட்டுக் கதிரைகள் எல்லாம் பின்னால் வந்தன. யோசெப்பின் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு போதகர் மெதுவாகச் சொன்னார்: "ஒஸ்வால்ட் ஐயா, நீங்கள் ஜெபத்தில நடத்துங்கோ."

அவர் எழுந்தார். கண்களை மூடினார்.

"கிருபையும் இரக்கமுமுள்ள எங்கள் பரம தகப்பனே, கடந்த இரவு முழுவதும் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் கண்ணின் மணிபோலக் காத்து, ஒரு சேதமும் அணுகாமல் இந்த நாளைக் காணச்செய்த தயவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் பதினான்கு பேர்.

ஒருவரும் கண் திறக்கவில்லை. ஒருவருக்கும் தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. சொன்னவருக்கும் சிக்கவில்லை. ஆளுகிறவர்கள் வந்து போனார்கள், சோதனைகள் வந்து போயின. எபனேசனின் பெயர் எட்டாவது நிமிடத்தில், ஒரு முழங்கால் சத்திர சிகிச்சைக்கும் ஒரு விசாவுக்கும் நடுவில் வந்தது. ஆமென்.

"அண்ணை" என்றாள் யோசெப்பின். "ஆரின்ர பிள்ளையைக் காத்தவர்?"

யாருக்கும் விளங்கவில்லை. போதகர் குனிந்து, "என்ன அக்கா?" என்றார்.

"அண்ணை இப்ப நன்றி சொன்னவரல்லோ. ராத்திரி எங்கட பிள்ளையளைக் காத்ததுக்கு, ஒரு சேதமும் இல்லாமல். நீங்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் எண்டனீங்கள். அதுதான் கேக்கிறன். ஆரின்ர பிள்ளையை?"

அவள் சத்தம் போடவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள். மூலையிலிருந்த ஒரு அம்மா, "பாவம், துக்கத்தில கதைக்கிறா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடிய, யாரோ கொண்டுவந்திருந்த பட்டர் கேக்கைப் பங்கிட்டார்கள். ஒஸ்வால்ட் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். நல்ல பதம் என்றும் சொன்னார்.

இராச்சாப்பாட்டு மேசையில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"அவ அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. ஜெபத்துக்கு நடுவில."

"நடுவில இல்லை" என்றாள் ஐறீன். "ஆமெனுக்குப் பிறகுதான் கேட்டவ. மரியாதை தெரிஞ்ச மனுசி."

"அது நான் வழக்கமாச் சொல்லுறது."

"ஓம். வழக்கமா."

அவர் பிட்டைப் பிசைந்தார். ஐறீன் கறியை எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

"விடிய நாலரைக்கு நான் உங்களை எழுப்பினனான். நினைவிருக்கோ?"

"என்னையோ?"

"பின்பக்கம் சப்பாத்துச் சத்தம் கேக்குது, எழும்புங்கோ எண்டு தோளைப் பிடிச்சு உலுக்கினனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள் தெரியுமே?"

அவர் கறியைப் பிட்டின் மேல் ஊற்றினார்.

"'ஜெபி' எண்டனீங்கள். சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனீங்கள்."

"நீர் போய்ப் பாத்திருக்கலாமே?"

"போகேல்லை. பயத்தில கிடந்தனான். பயம் எண்டு எனக்கே தெரிஞ்சுதான் கிடந்தனான். அதுக்கு நான் வேற பேர் வைக்கேல்லை."

அவர் கை கழுவிவிட்டு அறைக்குள் போய் நீலமட்டைக் கொப்பியைத் திறந்தார். ஜூலைப் பக்கத்தில் இருந்தது: சகோதரி யோசெப்பின், மகன், பொலிஸ் பதிவு. பக்கத்தில் சரி அடையாளம். இந்த இடத்தில் ஒரு மனிதன் அழுதிருக்கலாம். ஒஸ்வால்ட் செய்த முதல் காரியம் றப்பர் தேடியது. மையால் போட்ட அடையாளம், அழியவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தாள் கிழிந்தது.

முழங்காலில் நின்றார். வாய் திறந்தது. "கிருபையும் இரக்கமுமுள்ள எங்கள் பரம தகப்பனே, கடந்த இரவு" என்று போய் நின்றது. திரும்பத் தொடங்கினார். அதே வசனம், அதே இடத்தில் நின்றது. வேறு எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தான் யாரோடும் கதைக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. கொப்பியிலிருந்து வாசித்திருக்கிறார், மறுபக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்து வாசிக்கவில்லை. முழங்கால் நோகத் தொடங்கியது. எழுந்து கட்டிலில் இருந்தார். தன்னைப் பற்றி அவருக்கு அருவருப்பு வந்தது. அது மனந்திரும்புதல் என்று நினைக்கப் பார்த்தார். அந்த நினைப்பும் அருவருப்பாக இருந்தது.

காலை ஏழுக்கு யோசெப்பினின் கதவைத் தட்டினார்.

"வாரும் தங்கச்சி, போவம்."

"கடிதம் இருக்கோ?"

"இருக்கு." போதகரின் கடிதம் சேர்ட் பொக்கற்றில் இருந்தது. இவர் தெய்வபயமுள்ளவர், நாற்பது வருடமாக எமது சபையின் தூண் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

வரிசை வாசலுக்கு வெளியே வீதிவரை நின்றது. அவர்கள் முறை வரப் பத்தரையாயிற்று. மேசையில் இருந்த சார்ஜன்ட் தடித்த மனிதர். காய்ச்சல்காரர்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒஸ்வால்டின் சிங்களம் பழைய கந்தோர்ச் சிங்களம், மிகவும் சுத்தம். தானே வீட்டுக்காரர், பையன் தன் வீட்டில் மூன்று மாதமாகக் குடியிருக்கிறான் என்றார்.

"மூன்று மாதமா? ஏன் பதியவில்லை?"

இதற்கு வரிசையில் நின்றபோதே ஒரு பதில் செய்து வைத்திருந்தார். தனக்குச் சுகமில்லை, வைத்தியர் நடக்க வேண்டாம் என்றார், பையன் நல்ல கிறிஸ்தவப் பிள்ளை. பிறகு கடிதத்தை நீட்டுவது. கை பொக்கற்றுக்குப் போனது. யோசெப்பின் பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. அவர் என்ன சொன்னாலும் அவளுக்கு விளங்காது. அதுவே அவரை நிறுத்தியது. எந்தப் பொய்யும் இங்கே மிகவும் வசதியாகச் செல்லும்.

"பய உனா மாத்தயா" என்றார். பயந்துவிட்டேன். "இந்தத் தாய் நாலு முறை கேட்டாள். நான் வேண்டுமென்றே வரவில்லை. பிழை என்னுடையது, பையனுடையது இல்லை. அப்படியே எழுதுங்கள்."

சார்ஜன்ட் மூக்கைத் துடைத்துவிட்டு அவரை முதல்முறையாகப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரனிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். "பயந்தவரெல்லாம் அந்த வாங்கில் இருங்கள்" என்றார்.

பின்னேரம் ஐந்து மணிவரை அந்த நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தார். எபனேசனை அங்கே வைத்திருக்கவில்லை, வேறோர் இடத்துக்கு மாற்றியாயிற்று என்பது நாலு மணிக்குத் தெரிந்தது. நாளைக்கும் வரச் சொன்னார்கள். வந்தார். அடுத்த நாளும் வந்தார். இரண்டாம் நாள் வாங்கில் அவர் பக்கத்தில் ஆறாயி இருந்தாள். கொட்டாஞ்சேனையில் மிளகாய் இடிக்கிற இடத்தில் வேலை. பிறந்தது மலைநாட்டுத் தோட்டம். மகள் பாக்கியலெட்சுமி வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றவள். அடையாள அட்டை இல்லை. அவளையும் பிடித்திருந்தார்கள்.

"ஐயா லோயருங்களா?"

"இல்லை."

"சிங்களத்துல எழுதுறீங்களே. எம் புள்ளைக்கு ஒண்ணு எழுதிக் குடுங்கய்யா. அந்த வீட்டுக்காரவுக வந்து சொன்னாப் போதுமாம். கேக்கப் போனா, ஒம் மகளை எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு கதவச் சாத்திட்டாக. அஞ்சு வருசமா அவுக வீட்டுச் சோத்த ஆக்குனவ."

அவர் எழுதினார். எழுதும்போது தன்னைப் போல இன்னொரு வீட்டுக்காரன் என்று நினைத்தார். உடனே, அடுத்த கூட்டத்தில் இதை எப்படிச் சொல்லலாம் என்றும் நினைத்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதும் வந்தது. பழைய நாய் மோப்பம் பிடித்துவிட்டது. பேனையை மூடி, ஆறாயியின் மகளுடைய வயதைத் திரும்பக் கேட்டார். முதல் தரம் சொன்னது காதில் விழவில்லை.

ஆறாம் நாள் எபனேசனை விட்டார்கள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஒஸ்வால்ட் வெள்ளிக்கிழமை தோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாசலில் எபனேசன் அவரைப் பார்த்தான்.

"தம்பி, என்ர பிழை" என்றார் ஒஸ்வால்ட்.

"தெரியும் அங்கிள்" என்றான் அவன்.

அந்தக் கிழமையே யோசெப்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு உறவினர் வீட்டுக்கு மாறினாள். ஒஸ்வால்ட் முதலில் அந்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் இருவரின் பெயரையும் பதிவித்தார். முத்திரை விழும்வரை நின்றார். சாமான் ஏற்றும் நாளில் யோசெப்பினிடம் மன்னிப்புக் கேட்க ஏதோ தொடங்கினார்.

"அண்ணை, இந்த ட்றங்குப் பெட்டியில ஒரு பக்கம் பிடியுங்கோ" என்றாள் அவள். பிடித்தார்.

அடுத்த புதன் போதகர் வழக்கம்போலக் கூப்பிட்டார். ஒஸ்வால்ட் எழுந்து நின்றார். குசினியில் எண்ணெய் சூடாகத் தொடங்கியது. ஒரு நிமிடம் போயிற்று.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளையைப் பிடிக்க விட்டது நான். ஆமென்" என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார்.

ரோல்ஸ் அரைவேக்காட்டில் வந்தது. ஒஸ்வால்ட் ஐயா பின்வாங்கிப் போனார் என்று சபை மூன்று நாளில் முடிவு செய்தது. பெண்கள் கூட்டத்தில் அவருக்காக ஒரு மணிநேர உபவாச ஜெபம் நடந்தது. இவ்வளவு காலமும் அவர் உறங்கியபோது தூண் என்றவர்கள், எழும்பியதும் விழுந்துவிட்டார் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல அவருக்கு வாயில்லை. அவர்களுக்கு அந்த உறக்கத்தைப் படிப்பித்ததில் பாதி அவர்தான்.

சனிக்கிழமை போதகர் கொன்ஸ்ரன்ரைன் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல மனிதர், நல்ல குரல்.

"ஐயா, உங்களுக்குள்ள ஒரு சோர்வு வந்திருக்கு. திரும்பக் கூட்டத்தை நடத்தத் தொடங்கினால் எல்லாம் சரியாகும்."

"ஐயா, திங்கக்கிழமை எட்டு மணிக்கு என்னோட பொலிசுக்கு வாறீங்களோ?" என்று கேட்டார் ஒஸ்வால்ட். "ஆறாயி எண்டு ஒருத்தி. மகள் இன்னும் உள்ளுக்க. என்னை ஒவ்வொரு நாளும் வாங்கில இருத்திப்போட்டு விடுறாங்கள். நீங்கள் வந்தால் பெரியவரிட்ட நேர விடுவாங்கள்."

"அவ எங்கட சபையோ?"

"இல்லை. சைவம்."

"திங்கக்கிழமை கமிற்றி ஒண்டு இருக்குது..."

"அப்ப அந்த வெள்ளைக் கொலரையாவது ஒரு நாளைக்கு இரவல் தாங்கோ. எனக்கு அளவாத்தான் இருக்கும்."

உள்ளேயிருந்து ஐறீன் சிரித்தது கேட்டது. போதகரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கிழவர் சிரிக்கவில்லை என்று கண்டார். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு, ஒஸ்வால்டும் ஆறாயியும் வரிசையில் நின்றபோது, வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு பாண்கடையின் நிழலில் போதகர் தெரிந்தார். கொலர் போட்டிருந்தார். பஸ்கள் போயின. பாதையைக் கடக்கப் போதிய இடைவெளி மூன்று தரம் வந்தது, அவர் கடக்கவில்லை. கடைப் பலகையை வாசித்துக்கொண்டு நின்றார். ஒஸ்வால்டுக்கு அந்த வாசிப்பு நன்றாகப் பழக்கம். கெட்ட சொல் ஒன்று நாக்கில் வந்தது. ஆறாயியிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீதியைக் கடந்தார்.

"பயமோ, ஐயா?"

போதகர் கடைக்காரனை ஒருமுறை பார்த்தார். "ஓம்" என்றார்.

"சரி" என்று ஒஸ்வால்ட் அவருடைய முழங்கையைப் பிடித்தார். "இந்த பஸ் போகட்டும்."